புது மூக்கு

காற்று மாசுக்கு மூன்று காரணங்கள் எழுதுக என்று பரீட்சையில் கேட்டிருந்தேன். ஆறாம் வகுப்பு மொத்தமும் அச்சடித்த மாதிரி ஒரே பதிலை எழுதியிருந்தது. வாகனப் புகை, காட்டுத் தீ, எரிமலை.

எரிமலையாம்! எங்கள் ஊரில் ஏறி நிற்க ஒரு மேடுகூடக் கிடையாது. பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் பசைக் கம்பெனி நாள் முழுக்க எலும்பையும் தோல் துண்டையும் போட்டு வேகவைக்கிறது. சாயங்காலமானால் அதன் புகைபோக்கி நிழல் ஜன்னல் வழியாக வந்து எங்கள் கரும்பலகை மேலேயே விழுகிறது. அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகள் எரிமலை என்று எழுதுகிறார்கள். தப்பு என்று போட முடியுமா? புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எல்லோருக்கும் முழு மார்க் போட்டேன். போடும்போதே வயிறு எரிந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் பட்டாசு டீச்சர். என் காதுபடவே சொல்வார்கள், நானும் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவேன். வேறு சில டீச்சர்களுக்கு வைத்திருக்கிற பெயர்களைப் பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

அந்தப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எங்களுக்கெல்லாம் ஒரு பயிற்சி நடந்தது. ஹோட்டல் ஹால். ஜன்னலே இல்லை, ஏ.சி. எலும்பைத் துளைத்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர். மேடையில் ‘சுற்றுச்சூழல் கல்வியின் அடிப்படைகள்’ என்று தெர்மோகோலில் எழுத்து வெட்டி ஒட்டியிருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு என்று ஐந்து படிக்கட்டு வரைந்தார். அதில் குழந்தை ஒவ்வொரு படியாக ஏறுமாம். எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. ஆனால் கடைசியில் ஒரு நல்ல வார்த்தை சொன்னார், அதை மறுக்க மாட்டேன். “புஸ்தகத்துலேருந்து ஆரம்பிக்காதீங்க. பிள்ளையைச் சுத்தி என்ன இருக்கோ அதுலேருந்து ஆரம்பிங்க” என்றார்.

எரிமலை விடைத்தாள்களைத் திருத்தி முடித்த மறுநாள் ஆரம்பித்தேன். பிள்ளைகளைப் புத்தகத்தை மூடச் சொன்னேன்.

“எல்லாரும் கண்ணை மூடுங்க. மூச்சை நல்லா இழுங்க. இப்ப என்ன வாசனை வருது?”

சாக்பீஸ் என்றான் ஒருவன். தலைக்கு வைத்த எண்ணெய் என்றாள் ஒருத்தி. பின் பெஞ்சிலிருந்து, “இவன் ஷூ டீச்சர்!” என்று ஒரு குரல். ஒரே சிரிப்பு. பசைக் கம்பெனியைப் பற்றி ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. அதைவிட வெட்கக்கேடு, மூச்சை இழுத்துப் பார்த்தபோது எனக்கும் ஒன்றும் வரவில்லை. அத்தனை வருஷமாக அதே அறையில் கத்திக்கொண்டிருக்கிறேனே, என் மூக்கு எப்போதோ செத்துப்போயிருக்கிறது.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களை எல்லாம் மாறி மாறிப் பார்த்தாள். அந்த வருஷம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். வந்த நாளிலிருந்தே இருமல்.

“டீச்சர், நிஜமாவே உங்க யாருக்கும் வரலையா? ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கே?”

பக்கத்தில் இருந்தவள் அவளை ஏதோ அறியாப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “அதுவா? அது பசைக் கம்பெனிடி. அது வாசனை இல்ல, அது சும்மா வர்றது.”

சும்மா வர்றது! அன்றைக்கு முழுக்க அந்த வார்த்தை என் காதிலேயே நின்றது.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு மூக்கி என்று பெயர் வந்துவிட்டது. முதலில் நான் அதட்டிப் பார்த்தேன். அவளோ, “பரவால்ல டீச்சர், நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்தாள். சரி, அவளே சொன்ன பிறகு எனக்கென்ன?

மூக்கியின் அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறவள். அவளிடமிருந்து இரண்டு லைனிங் துணி வந்தது, ஒன்று நல்ல சிவப்பு, ஒன்று நல்ல பச்சை. ஒரே கடையில் வாங்கி ஒரே நாளில் ஓரம் அடித்துக் கொடுத்தாள். நாற்றம் வந்தால் ஜன்னல் கம்பியில் சிவப்பு, வராவிட்டால் பச்சை. காலையில் ஒரு தடவை, சாப்பாட்டு மணிக்கு அப்புறம் ஒரு தடவை, கடைசி பீரியடில் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

சட்டதிட்டங்களைப் பிள்ளைகளேதான் போட்டார்கள். உள்ளேயே உட்கார்ந்திருக்கிற மூக்கு பழகிப்போன மூக்கு, அதை நம்பக் கூடாது. ஒருவர் பின்வாசல் வழியாக மைதானத்தின் கடைசிக்குப் போய் நல்ல காற்றை இழுத்துவிட்டு உள்ளே வர வேண்டும். அப்படி வருகிறவர்தான் புது மூக்கு. புது மூக்கு முதலில் கையைத் தூக்க வேண்டும், அதற்கு முன்னால் வேறு யாரும் தூக்கக் கூடாது. ஜலதோஷம் பிடித்தவர்கள் கையை டெஸ்க்குக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் போக நான் ஒன்றே ஒன்று சேர்த்தேன்.

“இருக்கிறதைத்தான் கட்டணும். யாருக்காகவும் மாத்திக் கட்டக் கூடாது. நான் சொன்னாலும் சரி, எச்.எம். சொன்னாலும் சரி.”

பெரிய ஹரிச்சந்திரி மாதிரி சொல்லிவிட்டேன். அது என் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரியாது.

எங்கள் எச்.எம். கெட்டவர் இல்லை. ஆனால் ஓட்டை விழுந்த கூரையும் கதவில்லாத கழிப்பறையும் சேர்ந்து அவரை ஒரு மாதிரி ஆக்கிவைத்திருந்தன. யார் எதைக் கொடுத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். பசைக் கம்பெனி எங்களுக்கு நிறையக் கொடுத்தது. பென்குயின் வடிவத்தில் குப்பைத்தொட்டி, ‘பூமியைக் காப்போம்’ என்று எழுதிய தொப்பி, கைவேலைக்குப் பெட்டி பெட்டியாகப் பசை. அந்தப் பசையை வைத்துத்தான் பிள்ளைகள் ‘தூய காற்று நம் உரிமை’ என்று சார்ட் ஒட்டினார்கள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

ஒரு நாள் எச்.எம். என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“டீச்சர், அந்தத் துணியை எடுத்துடுங்க.”

“ஏன் மேடம்?”

“கம்பெனி மேனேஜர் வருத்தப்படுறார். ரெண்டாவது பாய்லர் போடப் போறாங்க. உங்க கிளாஸ் சுவரை ஒட்டித்தான் வருது. அனுமதி கொடுக்கிறதுக்கு முன்னாடி மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்து நம்ம ஸ்கூலைப் பார்ப்பார். அந்த நேரத்துல சிவப்புத் துணி தொங்கினா நல்லாவா இருக்கும்?”

“ஒரு பாய்லருக்கே புள்ளைங்க இருமி இருமிச் சாகுது. இன்னொண்ணா?”

“கழிப்பறை கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.” எச்.எம். என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். “பொம்பளைப் புள்ளைங்க காலையில தண்ணி குடிக்காம வருதுங்க டீச்சர், ஸ்கூல்ல போக இடமில்லன்னு. அதுவும் உங்களுக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும். அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. மூச்சு வேண்டுமா, கழிப்பறை வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று எந்தப் பள்ளிக்கூடத்திடமாவது கேட்பார்களா? கேட்கிறவனுக்கு வெட்கமில்லை. பதில் சொல்ல வேண்டிய எங்கள் எச்.எம்.தான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“துணியை எடுக்க மாட்டேன் மேடம். பாடத்திட்டத்துலேயே இருக்கு. பங்கேற்பு. அஞ்சாவது படிக்கட்டு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாய்லர் செய்தி ஊருக்குள் பரவிய வாரம் மூக்கியின் அம்மா பள்ளிக்கு வந்தாள். கையில் அளவு நாடா அப்படியே சுற்றியிருந்தது, தைத்துக்கொண்டிருந்தபோதே எழுந்து வந்திருக்கிறாள்.

“டீச்சர், டாக்டர் தெளிவாச் சொல்லிட்டார். இவ நெஞ்சு இதுக்கு மேல தாங்காதாம். அந்த ரெண்டாவது பாய்லர் வந்துச்சுன்னா இவளை எங்க நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிட்டு அங்கேயே ஸ்கூல்ல சேர்த்துடறதா இருக்கேன். நான் இங்கேருந்து நகர முடியாது. தையலை விட்டா எங்களுக்கு வேற வழியில்ல.”

“அத்தை வீட்டுக்கு நான் போக மாட்டேன்” என்றாள் மூக்கி. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த வயசுப் பெண் பள்ளி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் அப்படி நிற்க மாட்டாள்.

“இப்பல்லாம் உனக்கு அவ்வளவா நாத்தம் தெரியறதில்லன்னு சொன்னியே கண்ணு?” என்று நான் அசட்டுத்தனமாக ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன்.

“மூக்கு பழகிடுச்சு டீச்சர். நெஞ்சுதான் பழக மாட்டேங்குது.”

அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வகுப்புக்குள் போய்க் கரும்பலகையை அழித்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஆபீசர் வருகிற நாள் வந்தது. முந்தின நாள் சாயங்காலமே புகைபோக்கி அடங்கிவிட்டது. எனக்கு அப்போதே சந்தேகம். காலையில் மூக்கி வழக்கம்போல மைதானத்துக் கடைசிக்குப் போய்விட்டு ஓடி வந்தாள். வாசலில் நின்று மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். அவள் முகம் வாடிப்போனது.

“டீச்சர், ஒண்ணும் வரல. பச்சை.”

“ஒழுங்கா இழுத்துப் பார்த்தியா?”

“பார்த்தேன் டீச்சர்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவிகளா! வருஷம் முழுக்க வேகவைப்பீர்கள், பார்க்க ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் அடுப்பை அணைப்பீர்களா?

“சிவப்பைக் கட்டு” என்றேன்.

மூக்கி இரண்டு துணிகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஏன் டீச்சர்?”

“நான் சொல்றேன், கட்டு.”

“நாத்தம் வந்தாத்தானே சிவப்பு? இருக்கிறதைத்தான் கட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க சொன்னாலும் மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்க.”

வகுப்பு மொத்தமும் என்னையே பார்த்தது. நான் குனிந்து அவள் காதோடு சொன்னேன். “இன்னிக்குப் பச்சை கட்டினா பாய்லர் வந்துடும். உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. புரியுதா?”

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. “புரியுது டீச்சர்” என்றாள். ஜன்னலுக்குப் போனாள். பச்சையைக் கட்டினாள். சிவப்பை மடித்து டெஸ்க்குக்குள் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

இந்த மாதிரி ஒரு பாடத்தை ஏன் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. சொல்லிக்கொடுத்த நான் நழுவப் பார்த்தேன், அவள் நழுவவில்லை.

ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் மூன்று பேனா. பக்கத்தில் கம்பெனி மேனேஜர். மேனேஜர் எப்போதும் சென்ட் அடித்துக்கொண்டுதான் வருவார். ஏன் சார் என்று ஒரு நாள் கேட்க எனக்கு ரொம்ப ஆசை. பின்னால் எச்.எம். முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜர் வகுப்புக்குள் நுழைந்ததும் நேராக ஜன்னலைக் காட்டினார். “பாருங்க சார். காத்து எப்படி இருக்குன்னு புள்ளைங்களே தினமும் பார்த்துத் துணி கட்டுறாங்க. இன்னிக்குப் பச்சை. நாங்க யாரும் சொல்லிக்கொடுக்கல.”

எங்கள் துணி! எங்கள் பிள்ளைகள் இத்தனை நாள் மைதானத்துக்கு ஓடி ஓடி வந்து கட்டின துணி! அதையே எடுத்து எங்கள் கழுத்தில் சுருக்குப் போடுகிறான்.

“சார், இன்னிக்கு அவங்க பாய்லரையே பத்தவைக்கல. அதான் பச்சை” என்றேன். குரல் எப்படியும் வெடித்துத்தான் வந்திருக்கும்.

“பராமரிப்பு வேலை சார். அப்பப்ப நிறுத்துவோம்.” மேனேஜர் சிரித்தார். “டீச்சர் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவாங்க. புள்ளைங்களே சொல்லுது பாருங்க, டீச்சர் கோபம் ஊரறிஞ்சது.”

அந்த ஆள் நல்லவேளை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை.

ஆபீசர் ஜன்னல் பக்கம் போனார். பச்சைத் துணியைத் தொட்டுப் பார்த்தார். கடையில் மடித்து வைத்த மடிப்புக் கோடுகூட இன்னும் அதில் போகவில்லை.

“யாரும்மா இதைக் கட்டறது?”

மூக்கி எழுந்து நின்றாள்.

“இன்னொண்ணு எங்க?”

அவள் டெஸ்க்கிலிருந்து சிவப்பை எடுத்துக் கொடுத்தாள். ஆபீசர் அதை விரித்தார். சிவப்பு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். வெளுத்து வெளுத்து ஏதோ பழைய தலையணை உறை மாதிரி ஆகியிருந்தது. முடிச்சுப் போடுகிற இரண்டு முனையும் முறுக்கிக்கொண்டு நூல் நூலாகத் தொங்கின. தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

“இது பழைய துணியாம்மா?”

“இல்ல சார். ரெண்டையும் எங்கம்மா ஒரே நாள்லதான் வெட்டினாங்க.”

“அப்புறம் ஏன் இது மட்டும் இப்படி இருக்கு?”

“அது எப்பவும் வெயில்லயே இருக்கும் சார். பச்சை டெஸ்க்குக்குள்ளயே இருக்கும்.”

அவள் அதை ஒரு புகாராகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். எச்.எம். இரண்டு துணிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சிவப்புச் சாயம் சீக்கிரம் வெளுக்கும் சார். மட்டமான சாயம்” என்றார் மேனேஜர்.

ஆபீசர் சிவப்பை மடித்து மூக்கியிடமே திருப்பிக் கொடுத்தார். “சரிம்மா, உட்காரு” என்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். கம்பெனியில் சாப்பாடு ஏற்பாடாகியிருக்கிறது என்று மேனேஜர் சொன்னதற்கு, அவசர வேலை இருக்கிறது, நேராக ஆபீசுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மேனேஜர் கேட்டில் நின்று கை காட்டினார். ஜீப் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

இவ்வளவுதானா? துணியைக் கையில் வைத்துப் பார்த்தாரே, கண் இருக்கிறதா இல்லையா? நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்தேன், மூடினேன். எந்த ஆபீசரும் வருவார், பார்ப்பார், போவார், பிறகு அவர் வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். இந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து எரிமலை, எரிமலை என்று எழுதவைக்க வேண்டியதுதான் என் வேலை. மனதுக்குள் அந்த மனுஷனை நான் திட்டாத திட்டு இல்லை.

ஜீப் போன சூட்டோடு புகைபோக்கி புகைய ஆரம்பித்தது. அதில்கூட ஒரு மரியாதை இல்லை, பாருங்கள். சாயங்காலம் வரைக்குமாவது பொறுத்திருக்கலாம். விட்டுப்போனதையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி கறுகறுவென்று கக்கியது.

கடைசி பீரியட். மூக்கி எழுந்து புது மூக்காகப் போய்வரக் கிளம்பினாள். அப்போது வாசலில் ஒரு குரல்.

“உள்ள வரலாமா டீச்சர்?”

ஆபீசர்! தனியாக. ஷூவெல்லாம் மைதானத்துப் புழுதி. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தெருமுனை தாண்டியதும் இறங்கிக்கொண்டு ஜீப்பை மட்டும் அனுப்பியிருக்கிறார். மெயின் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து புகை வருகிறதா, நிற்கிறதா என்று மத்தியானம் முழுக்கப் பார்த்துவிட்டு, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்திருக்கிறார். மத்தியானம் திட்டின திட்டில் பாதியை மனதுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன். மீதியை வைத்துக்கொண்டேன், தேவைப்படலாம் என்று.

ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார். கை தானாகப் பைக்குள் போனது. கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“டீச்சர், புது மூக்கு வந்திருக்கு!” என்று ஒரு பையன் கத்தினான். வகுப்பே குதித்தது.

மூக்கி அவருக்குத் தன் பெஞ்சில் இடம் விட்டாள். முட்டி டெஸ்க்கில் இடிக்க, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மூக்கி கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று தினமும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

“ஜலதோஷம் இருக்கிறவங்க கையைக் கீழ வைங்க. உங்களுக்கு ஜலதோஷம் இருக்கா சார்?”

“இல்லம்மா.”

“அப்ப நீங்கதான் சார் முதல்ல. நாத்தம் வந்தா கையைத் தூக்கணும். வரலைன்னா சும்மா இருக்கணும். நீங்க தூக்காம நாங்க யாரும் தூக்க முடியாது.”

அவர் கையைத் தூக்கவில்லை. கர்ச்சீப்புக்குப் பின்னாலிருந்து சொன்னார். “நான் சும்மா பார்க்கத்தாம்மா வந்தேன். நீங்க எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. என்னைக் கணக்குல சேர்க்காதீங்க. நான் ஆபீசுக்குப் போய் யோசிச்சுதான்...”

மூக்கிக்கு இருமல் வந்துவிட்டது. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். தோள் எலும்பு இரண்டும் சட்டைக்குள் ஏறி ஏறி இறங்கின. யாரும் எழுந்து ஓடவில்லை. அவர்களுக்கு அதுவும் பழகிப்போயிருந்தது. முன் பெஞ்சுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், மூக்கி வாங்கிக் குடித்தாள், மறுபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை எழுமா எழாதா என்பதில்தான் அவள் அம்மா பக்கத்தில் தூங்குவதா அத்தை வீட்டில் தூங்குவதா என்பதே இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

இதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“சார், என்ன யோசனை? கர்ச்சீப்பை மூக்குல வெச்சு அழுத்திக்கிட்டே யோசிக்கணும்னு சொன்னா இந்தப் புள்ளைங்க சிரிக்கும் சார். நாத்தம் இல்லைன்னா கர்ச்சீப்பை எடுத்துப் பையில வைங்க, எங்களை மாதிரி உட்காருங்க. இருக்குன்னா கையைத் தூக்குங்க. ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க. நாங்க யாருக்கும் கர்ச்சீப் கொடுக்கிறதில்ல. மணி அடிக்கிற வரைக்கும் இதைத்தான் இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்.”

வாசல் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினேன். எச்.எம். எப்போது வந்தாரோ, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் வேலைக்கு உலை என்று நினைத்தேன்.

ஆபீசர் கர்ச்சீப்பை மெல்ல எடுத்தார். மடித்தார். பையில் வைத்தார். ஒரு மூச்சு இழுத்தார், முகம் சுருங்கிப்போனது. பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வலது கையை நேராக மேலே தூக்கினார்.

அவருக்குப் பின்னால் வகுப்பில் அத்தனை கைகளும் சடசடவென்று எழுந்தன. வாசலில் எச்.எம்.மின் கையும்.

மூக்கி பச்சையை அவிழ்த்தாள். வெளுத்துப்போன சிவப்பைக் கட்டினாள். முடிச்சு நிற்கவில்லை, முனை அவ்வளவு நைந்திருந்தது, இரண்டு தடவை கட்ட வேண்டியிருந்தது.

“ஜன்னலைச் சாத்தலாமா?” என்று கேட்டார் ஆபீசர், சத்தமில்லாமல்.

“சாத்தினாலும் வரும் சார்!” என்றது வகுப்பு மொத்தமும்.

மணி அடிக்கிற வரைக்கும் அவர் எழுந்துகொள்ளவில்லை. போகும்போது அந்தச் சிவப்புத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது பாய்லருக்கு அனுமதி கிடைக்கவில்லை. மூக்கி இன்னும் இரண்டாவது பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், சாயங்காலம் அம்மாவிடம்தான் போகிறாள். கழிப்பறை வரவில்லை. அதற்காக எச்.எம். இப்போது என்னையும் இழுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்குகிறார், போன வாரம் ஒரு இடத்தில் அவர் போட்ட சத்தத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். ஆனால் முதல் பாய்லர் இருக்கிறதே, அதை யாரும் தொடவில்லை. அது பழைய அனுமதியாம், அதற்கு வேறு விதியாம். பாடப்புத்தகத்தின் புதுப் பதிப்பும் வந்துவிட்டது. எரிமலையைக் கலரில் போட்டிருக்கிறார்கள்.

மூக்கியின் அம்மா வேறு சிவப்புத் துணி வெட்டிக் கொடுத்தாள். அதுவும் வெளுத்துப்போய் இப்போது மூன்றாவது ஓடுகிறது. பச்சையையும் மாற்றித் தரட்டுமா டீச்சர் என்று போன வாரம் கேட்டு அனுப்பினாள். டெஸ்க்கைத் திறந்து எடுத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது இன்னும் புதுசாகவே இருக்கிறது.